சும்மா மண்

எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. பத்தாம் வகுப்போடு நின்றவன். அதற்குப் பிறகு நான் கையால் எழுதியதெல்லாம் வண்டிப் பதிவேடுதான்: புறப்பட்ட நேரம், போன ஊர், ஓடிய தூரம். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கவும் எனக்கு வராது. அப்படிப்பட்டவன் ஒரு படித்த மனுஷியைப் பற்றி எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பேசியிருக்க வேண்டிய ஓர் இடத்தில் நான் பேசவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. நாங்கள் மேடம் என்போம். மதுரையைச் சுற்றி எங்கே எது வெடித்தாலும் போய்ப் பார்த்து, எங்கே ஆரம்பித்தது, எதனால் வெடித்தது என்று எழுதிக் கொடுப்பது அவர் வேலை. பட்டாசு ஆலை, கல்குவாரி, கிணறு வெட்டுகிற இடம், கேஸ் சிலிண்டர், பாய்லர், எதுவானாலும் சரி. அவரையும் அவர் சாமான்களையும் ஏற்றிப்போகிற வண்டிக்கு நான் டிரைவர். ஒன்பது வருஷம் ஓட்டினேன். என்னைவிட நாலைந்து வயது இளையவர். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். இப்போது மாற்றலாகி வேறு ஊரில் இருக்கிறார்.

குள்ளமான உருவம். எப்போதும் கான்வாஸ் ஷூ, தலையில் ஒரு வெள்ளைத் துண்டு. வெயிலுக்குக் குடை கொண்டு வருவார், ஆனால் அதை விரித்து நான் பார்த்ததில்லை. மண்ணில் கிடப்பதைக் காட்டுவதற்குத்தான் அது பயன்பட்டது.

வெடித்த இடத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் குழியைப் பார்க்கத்தான் ஓடுவார்கள். போலீஸ், தாசில்தார், பத்திரிகைக்காரர், ஊர்க்காரர், யாரும் இதில் விலக்கில்லை. மேடம் குழிப் பக்கமே போக மாட்டார். வண்டியைத் தூரத்தில் நிறுத்தச் சொல்லி இறங்கி, வெளியே வெளியே நடப்பார். வெடித்ததில் கடைசியாகப் போய் விழுந்த துண்டு எது என்று தேடுவார். அது ஒரு கதவுக் கீலாக இருக்கும், தகரக் கிழிசலாக இருக்கும், ஒரு செருப்பாகவும் இருக்கும். அதைக் கண்டுபிடித்த பிறகும் திரும்ப மாட்டார்.

"இது எம்புட்டுத் தூரம் வந்திருக்கோ, அதுல பாதி இன்னும் நடக்கணும்ண்ணே" என்பார்.

நடப்போம். நூறு அடி என்றால் நூற்றைம்பது அடி. அங்கே முளையடித்துக் கயிறு கட்டி வட்டம் போட்ட பிறகுதான் உள்நோக்கி வருவோம். ஒவ்வோர் ஆணியும் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது, இலையில் கரி மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா, சுவர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எல்லாவற்றையும் குனிந்து பார்த்துப் பார்த்து வருவார். குழிக்கு வந்து சேர மாலையாகிவிடும். ஒருமுறை ஓர் இன்ஸ்பெக்டர் பொறுமை இழந்து, "மேடம், குழி இங்கன இருக்கு, நீங்க அடுத்த ஜில்லாவுக்குப் போயிட்டிருக்கீங்க" என்றார். மேடம் திரும்பிப் பார்க்காமல், "வாரேன் சார். குழி எங்கயும் ஓடிராது" என்றார்.

அந்தப் பாதித் தூரம் அவருக்கு எல்லாவற்றிலும் உண்டு. உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு ஓட்டலில் சாப்பிடும்போது சர்வர் கையிலிருந்து கண்ணாடி டம்ளர் விழுந்து உடைந்தது. அவர் பெருக்கி அள்ளிக்கொண்டு போனதும் மேடம் கூப்பிட்டு, கை கழுவுகிற தொட்டிக்குக் கீழே பார்க்கச் சொன்னார். அவ்வளவு தூரம் போயிருக்காது என்றார் சர்வர். போய்ப் பார்த்தால் ஒரு துண்டு கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு வந்தவரிடம், "இன்னும் கொஞ்சம் தள்ளியும் பாத்துருங்க, பிள்ளைக வெறுங்காலோட வரும்" என்றார்.

அவரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. எங்கே என்று சொல்வார். யார் என்று சொல்ல மாட்டார். ஆலைக்காரன் கேட்டாலும் அதிகாரி கேட்டாலும் செத்தவர் வீட்டில் கேட்டாலும் ஒரே பதில்தான்: "எங்கனு கேளுங்க, சொல்றேன். யாருன்னு கேக்காதீங்க."

வீட்டிலும் அப்படித்தானாம். அவர் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார், கலகலப்பான மனிதர். மேடத்தை ஏற்றப்போன ஒரு காலையில் அவர்தான் சொன்னார். குக்கர் வெடித்துப் பருப்பு முழுக்க மேலே கூரையில் ஒட்டிக்கொண்டதாம். வெயிட்டை ஒழுங்காகப் போடாதது யார் என்று மாமியார் கேட்கிறார். மகள் மூலையில் பயந்து நிற்கிறாள். மேடம் ஸ்டூல் போட்டு ஏறி, மேலே பருப்பு படிந்திருந்ததைச் சாண் சாணாக அளந்துவிட்டு, "குழாய்ல அடைப்பு" என்று இறங்கினாராம். "டிரைவர் சார், எங்க வீட்டு முறுக்கை யார் தின்னதுன்னு கேட்டா, எங்க வச்சுத் தின்னதுன்னு பதில் வரும்" என்று சொல்லிச் சிரித்தார். மேடமும் சிரித்தார்.

ஆனால் எல்லோராலும் சிரிக்க முடியவில்லை. கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில், காட்டுப்பன்றிக்கு வைத்த வெடியைப் பசுமாடு கடித்துவிட்டது. தாடை இல்லாமல் அது நின்றுகொண்டிருந்தது. வைத்தது பக்கத்துத் தோட்டத்துக்காரன் என்று ஊருக்கே தெரியும், அவனும் கூட்டத்தில்தான் நின்றான். மேடம் வழக்கம்போல் வெளியிலிருந்து வந்து, வரப்பில் ஓரிடத்தைக் காட்டி, இங்கே கடித்திருக்கிறது என்று எழுதினார். மாட்டுக்காரர் அவரையே பார்த்தார். "எங்க கடிச்சுச்சுன்னு எனக்குத் தெரியாதாம்மா? எம் மாடு. யாருன்னு சொல்ல வந்தீகன்னுல்ல நெனச்சேன்" என்றார். மேடம் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார். எனக்கு அன்றைக்கு மேடத்தின் மேல் கோபம் வந்தது.

திரும்பி வரும்போது மேலூர் தாண்டி ஒரு டீக்கடையில் அவராகவே சொன்னார். வேலைக்கு வந்த புதிதில் ஓர் ஊரில் கூட்டம் சூழ்ந்துகொண்டு கேட்க, ஒரு ஆளைக் கைகாட்டிவிட்டாராம். அங்கேயே அந்த ஆளைப் போட்டு அடித்துவிட்டார்கள். பத்து நாள் கழித்து ஆய்வு முடிவு வந்தது. அவன் இல்லை.

"அவருக்கு ஒரு கண்ணு போயிருச்சுண்ணே. அதுக்கப்புறம் நான் ஆளைச் சொல்றதில்ல."

ஒன்பது வருஷத்தில் இதை ஒரே ஒரு முறைதான் சொன்னார். எனக்குக் கோபம் போய்விட்டது. ஆனால் அந்த மாட்டுக்காரர் கேட்டதும் நியாயம் என்றுதான் இன்றைக்கும் தோன்றுகிறது.

இனி நான் என் பங்கைச் சொல்ல வேண்டும். அதற்கு முதலில் சும்மா மண் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

குழியிலிருந்து எடுக்கிற மண்ணில் வெடிமருந்தின் உப்பு இருக்கிறதா என்று ஆய்வுக்கூடத்தில் பார்ப்பார்கள். இருந்தால் மட்டும் போதாது. அந்த ஊர் மண்ணிலேயே அது கிடக்கிறதா என்று கேள்வி வரும். அதற்காக, வெடிப்பு எட்டாத இடத்திலிருந்து, ஒன்றுமே நடக்காத மண்ணைக் கொஞ்சம் தனி டப்பாவில் எடுக்க வேண்டும். குழி மண்ணில் உப்பு இருந்து, இந்த மண்ணில் இல்லை என்றால்தான் அது சாட்சி. காகிதத்தில் இதற்கு வேறு பெயர். எங்களுக்குள் சும்மா மண் என்போம். அந்தப் பாதித் தூரத்துக்கும் அப்பால் போய் அதை எடுத்து வருவது என் வேலையாகிவிட்டது. எங்கள் ஆபீசில் ஆள் கிடையாது, டிரைவர்தான் கயிறும் பிடிப்பான், சல்லடையும் சலிப்பான்.

கை சுத்தம் என்றால் மேடத்துக்கு உயிர். கிளம்புவதற்கு முன் நகக்கண் வரை தேய்த்துக் கழுவச் சொல்வார். தீபாவளிக்கு என் பிள்ளைகள் வெடி போடும்போது நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலில் நிற்பேன். "அப்பா தொட்டா மேடம் திட்டுவாங்க" என்று பிள்ளைகள் கேலி செய்யும். அவ்வளவு பத்திரமாக இருந்தவன் நான்.

திருமங்கலத்துக்குத் தெற்கே, பெயர் வேண்டாம், ஒரு கரிசல்காட்டு ஊரில் பட்டாசு ஆலை வெடித்தது. பங்குனி மாதம். ஆறு பேர் செத்துப்போனார்கள். ஐந்து பேர் பெண்கள். ஆறாவது ஆள் மருந்து கலக்குகிறவர். ஆறு பேரும் ஒரே ஊர். வரிசையாக நாலு அறை, அதில் கிழக்குக் கோடியில் இருந்தது கலவை அறை. அதற்கும் கிழக்கே தள்ளி ஒரு பூட்டு போட்ட அறை. பூட்டிய அறையில் தாளும் அட்டைப்பெட்டியும்தான் இருந்தது என்றார் முதலாளி. மருந்து கலக்குகிறவர் செல்போனோடு உள்ளே போனார், அவருடைய கவனக்குறைவால்தான் வெடித்தது என்று போலீசில் காலை பத்து மணிக்குள் எழுதி முடித்துவிட்டார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்ததே பதினொரு மணிக்கு.

அதற்குள் ஊரில் அது பரவியிருந்தது. மருந்து கலக்குகிறவரின் மனைவி ஓடை ஓரம் தனியாக உட்கார்ந்திருந்தார். மற்ற ஐந்து வீட்டுப் பெண்கள் கொஞ்சம் தள்ளி ஒன்றாக உட்கார்ந்து அழுதார்கள். ஒரே தெருக்காரர்கள். நடுவில் பத்தடி இடைவெளி இருந்தது.

மேடம் கடைசித் துண்டைத் தேடி நடந்தார். வெளியிலிருந்து உள்ளே வந்தார். கலவை அறைக்கு வந்ததும் அதன் கிழக்குச் சுவர் முன்னால் வெகுநேரம் நின்றார். அப்புறம் என்னைக் கூப்பிட்டுக் குடையால் காட்டினார். ஓர் அறைக்குள் மருந்து வெடித்தால் நாலு சுவரும் வெளியேதான் விழும். இதில் மூன்று சுவர் வெளியே கிடந்தது. பூட்டிய அறையைப் பார்த்த சுவர் மட்டும் உள்ளே விழுந்திருந்தது. இரண்டு அறைக்கும் நடுவில் நின்ற வேம்பில் கருகிய பக்கமும் பூட்டிய அறையைப் பார்த்துத்தான் இருந்தது.

"இங்க ஆரம்பிக்கலண்ணே. அங்க ஆரம்பிச்சு இங்க வந்திருக்கு."

ஆனால் உடல்களை எடுப்பதற்காகக் காலையிலேயே ஜேசிபி விட்டிருந்தார்கள். சுவரை ஜேசிபி தள்ளியது என்று நாளைக்கு எவனும் சொல்லலாம். அதனால் மண்தான் பேச வேண்டும் என்றார். கலவை அறையிலிருந்தும் பூட்டிய அறையின் குழியிலிருந்தும் அவரே மண் எடுத்தார். குளோரேட் என்று ஓர் உப்பு. பட்டாசில் கந்தகத்தோடு அதைச் சேர்க்கக் கூடாது என்று தடை. லேசாக உரசினாலே பிடித்துக்கொள்ளும். திருட்டுத்தனமாக வைத்திருப்பவர்கள்தான் இப்படிப் பூட்டி வைப்பார்கள். அது அந்தக் குழியில் இருந்து, சும்மா மண்ணில் இல்லை என்றால் போதும். மருந்து கலக்குகிறவர் பேரில் இருக்கிற பழி இறங்கிவிடும்.

என்னிடம் டப்பாவையும் கரண்டியையும் கொடுத்து, ஓடைக்கு அந்தப் பக்கம் உழாத காடு இருக்கிறது, அங்கே போய் எடுத்து வரச் சொன்னார்.

ஓடைக்குப் போகிற வழியில் அந்தப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒப்பாரி வைத்து அழுகிறவர்கள் நடுவே கையில் டப்பாவும் கரண்டியுமாக எப்படிப் போவது என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. கூச்சம்தான், வேறு ஒன்றும் இல்லை. நின்று பார்த்தேன். இடது பக்கம் திரும்பினால் புளிய மரத்துக்கு அப்பால் ஒரு கோயில் திடல் இருந்தது. ஆள் நடமாட்டம் இல்லை. கூட்டிப் பெருக்கி, தண்ணீர் தெளித்து அவ்வளவு சுத்தமாக இருந்தது. இதைவிடச் சுத்தமான மண் இந்த ஊரில் எங்கே கிடைக்கும் என்று நினைத்து, ஓர் ஓரத்தில் குனிந்து அள்ளினேன்.

எங்கே எடுத்தீர்கள் என்று மேடம் கேட்டார். வட்டத்துக்கு வெளியேதான் மேடம் என்றேன். பொய் இல்லை. அவர் முத்திரை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

கிளம்பும்போது மருந்து கலக்குகிறவரின் மனைவி வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டார். அழவில்லை. "அம்மா, எனக்கு ஒண்ணும் வேணாம். அவுக இல்லன்னு மட்டும் எழுதிருங்க. தூக்குறதுக்கு நாலு பேரு வர மாட்டேங்கிறாக" என்றார்.

மேடம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க ஆரம்பிச்சதுன்னு எழுதுவேன்மா" என்றார். அந்த அம்மாளுக்கு அது புரியவில்லை என்று எனக்கு அப்போதே தெரிந்தது. அன்று சாயங்காலம் அந்த மனிதரை வெளியூரிலிருந்து வந்த மச்சான்மார்கள் வேனில் வைத்துக் கொண்டுபோனார்கள்.

ஒன்றரை மாதம் கழித்து ஆய்வு முடிவு வந்தது. பூட்டிய அறையின் மண்ணில் அந்த உப்பு இருந்தது. கலவை அறை மண்ணில் இல்லை. மேடம் சொன்னதுதான் சரி. ஆனால் சும்மா மண்ணிலும் அந்த உப்பு இருந்தது.

அன்று மேடம் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மூடி வைத்தார். கூட இருந்தவர்கள் அந்த ஒரு வரியை விட்டுவிட்டு எழுதச் சொன்னார்கள். அதை எழுதாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மேடம் எழுதினார். மறுபடி மண் எடுக்கலாம் என்று போனால், ஆலை இருந்த இடத்தையும் சுற்று வட்டாரத்தையும் அதற்குள் மண்ணடித்து மட்டம் பண்ணியிருந்தார்கள். புதிதாக எடுத்ததைச் சேர்க்க முடியாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

எனக்கு அந்த வாரமே விளங்கிவிட்டது. அந்த ஊர்க்காரர் ஒருவர் வேறு வேலையாக ஆபீசுக்கு வந்திருந்தார். பேச்சுவாக்கில், வெடிப்புக்கு இரண்டு நாள் முன்னால்தான் சாமி கும்பிட்டோம், திடலில் அம்புட்டு நாட்டுவெடி போட்டோம், மறுநாள் கூட்டி அள்ளினது மூணு மூட்டைத் தாள் என்றார். கூட்டிப் பெருக்கியிருந்தது அதனால்தான். அந்த ஊரிலேயே அதிகமாக வெடித்த மண்ணை, ஒன்றுமே வெடிக்காத மண் என்று நான் அள்ளிக்கொண்டு வந்திருக்கிறேன்.

சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் வண்டி எடுப்பேன். கண்ணாடியில் மேடத்தைப் பார்ப்பேன். நாக்கு எழாது. வழக்கு ஆறு வருஷம் நடந்தது. அந்த ஆறு வருஷமும் எந்த இடத்துக்குப் போனாலும் மேடம் டப்பாவையும் கரண்டியையும் என் கையில்தான் கொடுத்தார். நான் மூன்று மடங்கு தூரம் போய் எடுத்து வந்தேன். கோயில், பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், எதன் பக்கத்திலும் எடுக்க மாட்டேன்.

மருந்து கலக்குகிறவரின் மனைவி ஒவ்வொரு வாய்தாவுக்கும் வருவார். கோர்ட்டு வளாகத்தில் புங்க மரத்தடியில் ஒரு தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருப்பார். மற்ற ஐந்து வீட்டுக்காரர்களும் வருவார்கள். பத்தடி தள்ளி உட்காருவார்கள். தெருக்குழாயில் அவர் குடம் வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவதாகவும், அதனால் எல்லோரும் பிடித்து முடித்த பிறகு போவதாகவும் ஒருமுறை மேடத்திடம் சொன்னார். ஒன்பதாவது படித்த மகளை, வெடிக்காரன் மகள் என்று கூப்பிடுகிறார்கள் என்று பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தித் தன் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம்.

மேடம் சாட்சி சொன்ன அன்று நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். முதலாளியின் வக்கீல் கத்தவில்லை. சிரித்தமுகமாகவே கேட்டார். சுவரை ஜேசிபி தள்ளியிருக்கலாம் அல்லவா என்றார். இருக்கலாம் என்று மேடம் ஒத்துக்கொண்டார். வெடிக்காத இடத்து மண்ணிலும் அதே உப்பு இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே என்றார். ஆமாம் என்றார். அந்த மண்ணை எடுத்தது யார் என்று வக்கீல் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"என் கையெழுத்து இருக்கு. நான்தான் பொறுப்பு."

"யாருன்னு கேட்டேன்மா."

"நான்தான் பொறுப்பு."

வக்கீல் அதோடு விட்டுவிட்டார். அவருக்கு அதுவே போதும்.

அன்று ஆபீசுக்குத் திரும்பும் வழியில், கோரிப்பாளையம் சிக்னலில் வண்டி நின்றபோது சொல்லிவிட்டேன். கோயில் திடல் மேடம் என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

"தெரியும்ண்ணே" என்றார். "ஆய்வு முடிவோட திரும்பி வந்த மண்ணுல சிவப்புத் தாள் துணுக்கு கெடந்துச்சு. அன்னைக்கே தெரியும்."

ஏன் கேட்கவில்லை என்று கேட்டேன். பச்சை விழுந்து பின்னால் ஹாரன் அடித்தார்கள். "யாருன்னு கேட்டு என்ன செய்யப்போறேன்" என்றார். அதில் கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை.

முதலாளியை விடுவித்துவிட்டார்கள். எங்கே ஆரம்பித்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று தீர்ப்பு. கேட்டுவிட்டு வெளியே வந்ததும் அந்த அம்மாள் மேடத்திடம், "ஊர்ல வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. கோர்ட்டு போகட்டும். எனக்கு ஊருதான்" என்றார்.

மேடம் இப்படியெல்லாம் போகிறவர் இல்லை. போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆபீஸ் வண்டி இல்லாமல் டவுன் பஸ்ஸில். என்னைக் கூப்பிடவில்லை. நானாகத்தான் பெரியார் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் இரண்டு டிக்கெட் எடுத்தார்.

டீக்கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். செத்த பெண்களில் ஒருத்தியின் தகப்பனாரும் இருந்தார். பால் சொசைட்டியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மரியாதையாக பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொன்னார். அந்த அம்மாள் கடைக்குள் வரவில்லை. எதிரே ரேஷன் கடைச் சுவர் ஓரம் குடத்தோடு நின்றுகொண்டு இங்கேயே பார்த்தார்.

மேடம் நாலு காலி டம்ளரை வரிசையாக வைத்தார். தள்ளி ஒரு டம்ளர். இதுதான் பூட்டிய அறை என்றார். எந்தச் சுவர் எந்தப் பக்கம் விழுந்தது, வேம்பு எந்தப் பக்கம் கருகியது என்று பொறுமையாகச் சொன்னார். கோர்ட்டில் சொன்னதைவிட நன்றாகச் சொன்னார். எல்லோரும் குனிந்து டம்ளரைப் பார்த்தார்கள். ஒருவர் கலவை அறை டம்ளரைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார்.

"அந்த ரூம்ல திருட்டு மருந்து இருந்துச்சுங்கிறீக" என்றார் தகப்பனார்.

"அந்த மண்ணுல இருந்துச்சுங்கய்யா."

"வேற மண்ணுலயும் இருந்துச்சுன்னு சொல்லித்தானே தாயி தீர்ப்புல தள்ளுனாக. அது எந்த மண்ணு?"

மேடம் பதில் சொல்லவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. கடைசி டம்ளரின் விளிம்பில் விரலை வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். அவர் எனக்காகக் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியும்.

ஒரே ஒரு வார்த்தை. உங்கள் சாமி திடல் மண், நான்தான் தெரியாமல் அள்ளினேன். அவ்வளவுதான். வேறு எந்த ஊரில் சொன்னாலும் விளக்க வேண்டியிருக்கும். இந்த ஊரில் வேண்டியதில்லை. அந்தத் திடலில் வெடி போட்டவர்களே அவர்கள்தான். மூணு மூட்டைத் தாளைக் கூட்டி அள்ளியவர்களும் அவர்கள்தான். அந்த மண்ணில் அந்த உப்பு எப்படி வந்தது என்று கண் மூடித் திறப்பதற்குள் புரிந்திருக்கும். பூட்டிய அறையும் புரிந்திருக்கும்.

ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோரும் எனக்குத் தெரியாதவர்கள். என் கையில் டீ கிளாஸ் இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தகப்பனாரே மறுபடி கேட்டார். "சரி தாயி. அப்ப யாரு?"

"அது நான் சொல்றதுக்கில்லைங்கய்யா. எங்கனு மட்டும்தான் எனக்குத் தெரியும்."

அவர் தலையை ஆட்டினார். கோபப்படவில்லை. "மொதலாளி இல்லன்னு கோர்ட்டுல சொல்லிட்டாக. நீங்களும் ஆளைச் சொல்ல மாட்டேங்கிறீக. எம் மக செத்தது நெசம். யாரோ ஒருத்தன் இருக்கணும்ல? மருந்து தொட்ட கை அவன் கைதான். நாங்க அவன்னே வச்சுக்கிறோம்" என்றார். பிறகு, "டீயக் குடிங்க, ஆறுது" என்றார்.

மேடம் குடித்தார். டம்ளர்களை எடுத்துக் கடைக்காரரிடம் கொடுத்தார்.

வெளியே வந்ததும் அந்த அம்மாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்தார்.

"சொல்லிட்டீகளாம்மா?"

"சொன்னேன்மா."

"என்ன சொன்னாக?"

மேடம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "டீ குடுத்தாங்க" என்றார்.

அந்த அம்மாள் குழாய்ப் பக்கம் திரும்பிப் பார்த்தார். குழாயில் ஆட்கள் போய்விட்டார்கள், தண்ணீர் நிற்பதற்குள் பிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போனார். பஸ்ஸில் மேடம் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். நான் பின் சீட்டில்.

மறுநாள் திங்கட்கிழமை. திருவாதவூர்ப் பக்கம் கிணறு வெட்டுகிற இடத்தில் வெடித்துவிட்டதாகக் காலை ஒன்பது மணிக்கு போன் வந்தது. போனோம். கடைசித் துண்டு எண்பது அடியில் கிடந்தது. நூற்றிருபது அடி வரை நடந்து கயிறு கட்டினோம். சும்மா மண் எடுப்பதற்கு நான் டப்பாவைக் கையில் எடுத்தேன். மேடம் அதை வாங்கிக்கொண்டு அவரே போனார்.